எல்லை தாண்டும் சபைக் குழு: ஜெபத்தோடும் பட்டியலோடும் பயணத்தை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது முப்பது பேரை வேறொரு நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு சபையில் யாருக்கு வந்தாலும், இரண்டு விதமான ஆலோசனை உடனே வந்து சேரும். "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், தைரியமாகக் கிளம்புங்கள்" என்பார் ஒருவர். "ஜெபமெல்லாம் சரி, முதலில் பேப்பரைப் பாருங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஜெபத்தையும் பேப்பரையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார்கள்.

பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஒரு யூதக் கூட்டத்தை நடத்திப்போனவர் எஸ்றா. அவருடைய புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தைப் பயணக் குழுத் தலைவராக உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தொடக்கமே பெயர்ப் பட்டியல்தான். வம்சம் வம்சமாக எண்ணிக்கை போட்டிருக்கிறது. கூட்டினால் ஏறக்குறைய 1,500 ஆண்கள். அப்புறம் அகாவா நதியண்டையில் மூன்று நாள் தங்கல், கூட்டத்தைப் பார்வையிடுதல், ஆலய ஊழியத்துக்குரிய லேவியர் ஒருவரும் இல்லை என்று கண்டுபிடித்து ஆள் அனுப்புதல், உபவாசம், பொன்னையும் வெள்ளியையும் நிறுத்து 12 ஆசாரியர் கையில் ஒப்படைத்தல். அதன் பிறகே புறப்பாடு. முதலாம் மாதம் கிளம்பியவர்கள் எருசலேம் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் மாதம்.

வழியில் பாதுகாப்புக்குச் சேவகரைக் கேட்க எஸ்றா வெட்கப்பட்டார், ஏனென்றால் "எங்கள் தேவன் காப்பார்" என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதே அர்தசஷ்டா ராஜாவின் 20ஆம் ஆண்டில் எருசலேமுக்குப் போன நெகேமியாவோ, வழியிலுள்ள தேசாதிபதிகளுக்குக் கடிதம் கேட்டு வாங்கினார். குதிரைவீரரும் கூடவே வந்தார்கள். இருவர்மேலும் தேவனுடைய கரம் இருந்ததாகவே வேதம் சொல்கிறது. சேவகர் வேண்டாம் என்ற எஸ்றாவும்கூட எண்ணாமலும் எழுதாமலும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட ஆட்களைக் கவனமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் விசுவாசத்தின் ஒரு பகுதிதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை வைத்தே எழுதப்பட்டது.

1. எதற்காகப் போகிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

தேதி, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் பிறகு. யாத்திரையா, மாநாடா, ஊழியமா, மருத்துவ முகாமா, உறவுச் சபையைச் சந்திப்பதா? அந்த ஒரு வரிதான் விசாவைத் தீர்மானிக்கும். குழுவின் நேர்மை முதலில் சோதிக்கப்படுகிற இடமும் இதுதான்.

சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்வது, துண்டுப்பிரதி கொடுப்பது, கூட்டம் நடத்துவது பல நாடுகளில் விசா நிபந்தனையை மீறுவதாகும். இந்தியாவுக்கு வருகிற வெளிநாட்டு ஊழியருக்கு மிஷனரி விசா என்று தனி வகையே இருக்கிறது. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, தண்டிக்கப்படுபவர் வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடுகடத்துவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் சிக்கல் வந்தால் நீங்கள் விமானம் ஏறி வீடு வந்துவிடலாம். உங்களை அழைத்த உள்ளூர் விசுவாசிகள் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். முடிவெடுக்கும்போது அவர்கள் முகம் கண்முன் நிற்கட்டும்.

இந்த இடத்தில் சிலர் பிரதர் ஆண்ட்ரூவின் பெயரைச் சொல்வார்கள். 1955இல் தொடங்கி இரும்புத் திரைக்கு அப்பாலிருந்த கம்யூனிஸ்டு நாடுகளுக்கு வேதாகமங்களைக் கொண்டுபோன டச்சுக்காரர் அவர். அவருடைய தைரியத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் தன் உயிரைப் பணயம் வைத்தார், அதுவும் தெரிந்தே. குழுத் தலைவர் ஒருவர் அதே காரியத்தைச் செய்தால், பின்னால் வரிசையில் நிற்கும் வயதான அம்மாவின் சுதந்தரத்தைப் பணயம் வைக்கிறார், பல நேரம் அந்த அம்மாவுக்குத் தெரியாமலே. ஆகவே என் முடிவு உறுதியானது: குழுவாகப் போகும்போது மறைத்துப் போகிற வேலையே வேண்டாம். சரியான விசா கிடைக்காவிட்டால் பயணத்தின் நோக்கத்தை மாற்றுங்கள். பிரசங்கிக்கப் போவதற்குப் பதில் அங்குள்ள சபையோடு உட்கார்ந்து ஆராதிக்கவும், அவர்கள் சொல்வதைக் கேட்கவும் போகலாம். அதுவும் ஊழியமே. அதிலும்கூட அந்நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று உள்ளூர் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

2. பெயர்ப் பட்டியலும் பாஸ்போர்ட்டும்

பெயர் கொடுத்த அன்றே பாஸ்போர்ட் நகலை வாங்கிவிடுங்கள். "இருக்கு பிரதர், வீட்டில் பத்திரமாக இருக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள். பத்திரமாக இருப்பது காலாவதியாகியும் இருக்கலாம்.

நகல் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை இவை. பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போகக்கூடிய பல நாடுகளின் கூட்டு), அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் மீதமிருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். விசா ஒட்டவும் முத்திரை குத்தவும் குறைந்தது இரண்டு பக்கம் காலியாக இருக்கட்டும்.

பெயர் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். இனிஷியல் ஒரு இடத்தில் விரிந்திருக்கும், ஒரு இடத்தில் ஓரெழுத்தாக நிற்கும். அப்பா பெயர் குடும்பப்பெயர் கட்டத்தில் ஏறியிருக்கும்; அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்க வேண்டும். சபையில் எல்லோரும் "ஸ்டெல்லா அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருக்கும். ஞானஸ்நானப் பெயரை வைத்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குடும்பப்பெயர் இல்லாத ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே அப்படிப்பட்டவர் குழுவில் இருந்தால், போகும் நாட்டின் விதியோடு விமானம் மாறுகிற நாட்டின் விதியையும் பாருங்கள்.

விமானம் மாறுகிற நாடு கேட்கும் டிரான்சிட் விசாவைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே குழுவில் இரண்டு மூன்று நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் விதியும் ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அண்ணனுக்கு விசா தேவைப்படாத இடத்தில் அவருடைய அம்மாவுக்குத் தேவைப்படலாம். ஒரே தாளில் பெயர், பாஸ்போர்ட் நாடு, காலாவதி நாள், போகும் நாட்டு விசா, டிரான்சிட் விசா என்று ஐந்து பத்தி போட்டு நிரப்புங்கள். ஒரு கட்டம் காலியாக இருக்கும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பிள்ளைகள் பெற்றோரில் ஒருவரோடு மட்டும் வந்தாலோ, தாத்தா பாட்டியோடு வந்தாலோ, வராத பெற்றோரின் சம்மதக் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழ் நகலும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எஸ்றா பார்த்ததுபோல் கூட்டத்தைப் பார்வையிடுங்கள். அவருக்கு லேவியர் குறைந்தார்கள். உங்களுக்கு யார் குறைகிறார்கள்? முதலுதவி தெரிந்தவர், போகும் நாட்டு மொழி அறிந்தவர், பெண்கள் தயங்காமல் பேசக்கூடிய ஒரு சகோதரி, கணக்கு எழுதப் பொறுமையுள்ளவர், இரவு இரண்டு மணிக்கும் கோபப்படாத ஒருவர். இவர்கள் இல்லையென்றால் தேடிப் பிடியுங்கள். எஸ்றா ஆள் அனுப்பி 38 லேவியரை வரவழைத்த பிறகுதான் நகர்ந்தார்.

3. விசா, மறுக்கப்பட்டவர், திரும்பக் கிடைக்காத பணம்

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும்; குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். 15 நாள் என்பது ஒரு குழுவுக்குப் போதவே போதாது. ஒருவருடைய வங்கி அறிக்கை வராது, இன்னொருவர் கையெழுத்து மாறியிருக்கும். மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கினால் மனம் நிம்மதியாக ஜெபிக்கும்.

விமான நிறுவனங்கள் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குழுப் பதிவாக எடுத்துக்கொள்ளும். முன்பணம், பெயர் கொடுக்கக் கடைசி நாள், பெயர் மாற்றக் கட்டணம், ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். விமானம் மாறும் பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, மாற்று இடமும் தராது.

விசா மறுக்கப்படும்போது என்ன செய்வது என்று பயணத்தை அறிவிக்கிற நாளிலேயே சபைக்குச் சொல்லிவிடுங்கள். பணத்தில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு திரும்பாது என்று தாளில் இருக்கட்டும். கணவருக்குக் கிடைத்து மனைவிக்குக் கிடைக்காவிட்டால் அவர்கள் விலகிக்கொள்ள எந்த நாள் வரை வாய்ப்பு உண்டு என்பதும் இருக்கட்டும்.

அந்த மறுப்பு வந்த வீட்டுக்கு எப்படிப் போவது? "இது தேவ சித்தம் இல்லை போலிருக்கிறது" என்று வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள். பவுலை ஆவியானவர் ஆசியாவுக்கும் பித்தினியாவுக்கும் போகவிடாமல் தடுத்தார் என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, உங்களிடம் வர நினைத்தேன், சாத்தான் தடைசெய்தான் என்கிறார். எந்தக் கதவை யார் அடைத்தார் என்று அப்போஸ்தலனே இடத்துக்கு இடம் பகுத்துப் பார்த்துத்தான் சொல்கிறார். பத்து வருஷம் சேமித்துப் பரிசுத்த பூமியைப் பார்க்கக் காத்திருந்த ஒரு தாயிடம், நாம் ஐந்து நிமிஷத்தில் அதைத் தீர்த்துச் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். மறு விண்ணப்பத்துக்கு என்ன தாள் குறைந்தது என்று பாருங்கள். கிளம்புகிற அன்று ஜெபக் குறிப்பில் அவர் பெயரும் இருக்கட்டும்.

4. பணம்

எஸ்றா 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பலர் முன்னிலையில் நிறுத்து, பலரிடம் கொடுத்து, போய்ச் சேர்ந்த நாலாம் நாள் மறுபடி நிறுத்து எழுதினார். பவுலும் எருசலேம் சபைக்கான தர்மப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல் சகோதரரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவரும் குற்றஞ்சொல்லக் கூடாது என்ற எண்ணத்தோடு. பரிசுத்தவான்களே இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கும்போது, "நம் போதகரை நம்பாமலா?" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

பயணப் பணம் தனிக் கணக்கில் வரட்டும், தலைவரின் சொந்தக் கணக்கில் வேண்டாம். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் அன்றன்றே போட்டோ எடுத்து வையுங்கள். மொத்தச் செலவில் ஒரு பங்கை அவசர நிதியாக ஒதுக்கி, எந்தச் சூழ்நிலையில் யார் சொன்னால் எடுக்கலாம் என்று முடிவுசெய்துவிடுங்கள். பயண ஏஜென்சி தலைவருக்கு இலவச டிக்கெட் தருவது வழக்கம். அதை எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதில் தவறில்லை; மறைத்தால்தான் தவறு.

அங்குள்ள சபைக்குக் காணிக்கை கொண்டுபோனால் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனாலும், அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல் எடுத்துப் போனாலும் அறிவித்தாக வேண்டும். அறிவிப்பைத் தவிர்ப்பதற்காக ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பது அமெரிக்காவில் குற்றம். சொல்லப்போனால் ரொக்கமே வேண்டாம், வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். அதற்கும் இரு நாட்டு விதிகள் இருக்கின்றன, சபையின் கணக்காயரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

5. பத்துப் பத்தாகப் பிரியுங்கள்

மாமனார் எத்திரோ மோசேயிடம் சொன்னதை எல்லோரும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்: ஒருவனாகச் சுமந்தால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள். பயணத்தில் பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்பதுகூட அதிகம். விமான நிலையத்தில் ஆறு ஏழு பேர்தான் ஒருவர் கண்ணுக்கு அடங்குவார்கள்.

எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழுப் பயணத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் தங்கிவிட்டபோது, யோசேப்பும் மரியாளும் கவலையில்லாமல் ஒரு நாள் தூரம் நடந்தார்கள். பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்தார்கள். அவர்களைவிட அன்பான பெற்றோர் யார்? அன்பு இருந்தும், கூட்டத்தில் "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் வந்துவிட்டது. தேடிக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

அதனால் பஸ்ஸில் ஏறி நின்று "எல்லோரும் வந்தாச்சா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். வந்தவர்கள் எல்லோரும் "வந்தாச்சு" என்பார்கள். வராதவர் பதில் சொல்ல அங்கே இருக்க மாட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். கூடவே, இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள். கழிவறைக்குப் போனாலும் ஜோடிக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கணவன் மனைவியை ஒரே ஜோடியாகப் போடாமல் இருப்பது நல்லது, இருவரும் சேர்ந்தே எங்காவது நின்றுவிடுவார்கள். ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது, வாகனம் மாறும்போது, பாதுகாப்புச் சோதனை முடிந்ததும், இமிக்ரேஷனைத் தாண்டியதும், விமான வாசலில் என்று எண்ணும் இடங்களை முன்பே குறித்து வையுங்கள்.

நடையின் வேகம் யாக்கோபு சொன்னபடி இருக்கட்டும். ஏசா கூடவே நடக்கலாம் என்று அழைத்தபோது, பிள்ளைகள் இளசுகள், மந்தை களைத்துவிடும், நான் இவர்கள் நடைக்குத் தக்கபடி மெதுவாக வருகிறேன் என்றார் அவர். குழுவில் மிக மெதுவாக நடப்பவருக்குத் தேவையான நேரம்தான் உங்கள் அட்டவணை. விமானம் மாற மூன்று மணி நேரம் வையுங்கள். சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்கு டிக்கெட் போடும்போதே பதிந்துவிடுங்கள். கௌரவம் பார்த்து வேண்டாம் என்பார்கள், அன்பாகப் பேசிச் சம்மதிக்க வையுங்கள்.

6. மருந்தும் பெட்டியும்

மருந்து அதன் மூல அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் இருக்க வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மருந்துகளுக்குச் சில நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு. நமக்குச் சாதாரண மாத்திரை, அங்கே போதைப்பொருள் வழக்கு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் நாடு என்றால், ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். கைப்பையில் திரவம் 100 மில்லி டப்பாக்களில். ஜெப எண்ணெய் பாட்டிலும் திரவம்தான்.

யாருடைய பார்சலையும் வாங்காதீர்கள். "என் மகனுக்கு ஊறுகாய்தான் ஐயா, ஒரு சின்னப் பொட்டலம்" என்று சபையில் நன்றாகத் தெரிந்தவரே கொண்டுவந்து கொடுத்தாலும், "மன்னியுங்கள் அம்மா, குழுவின் விதி" என்று சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் மனவருத்தமும் குறையும்.

7. உங்கள் அகாவா நதி

புறப்படும் முன்பு மூன்று நாள் எல்லோராலும் ஒதுக்க முடியாது. ஒரு மாலையாவது ஒதுக்குங்கள், அதை விளக்கக் கூட்டத்தோடு கலந்துவிடாதீர்கள். விளக்கக் கூட்டத்தின் கடைசியில் இரண்டு நிமிஷம் ஜெபித்து முடிப்பது ஜெபக் கூட்டம் ஆகாது.

அந்த மாலையில் பெயர் சொல்லி ஜெபியுங்கள். பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக; அவருக்கு என்ன பயம் என்று கேட்டு. முதல் முறை விமானம் ஏறுகிறவருக்கு அந்தப் பயம், மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் அவனிருக்கும் நாட்டுக்கே போகிற தகப்பனுக்கு வேறு பயம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏறும் குழுவும், தெரியாமல் ஏறும் குழுவும் வழியில் நடந்துகொள்ளும் விதமே வேறு. எஸ்றாவின் உபவாசம் தங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பொருள்களுக்காகவும் செவ்வையான வழியைத் தேடுவதற்காக இருந்தது. அந்த வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். 121ஆம் சங்கீதத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிப் பழகுங்கள். செல்போன் சார்ஜ் தீர்ந்த இரவில் அது உதவும்.

ஊரில் இருப்பவர்களில் சிலரை ஜெபத் துணைவர்களாக நியமியுங்கள். அவர்களுக்கு விமான நேரமும் எல்லை கடக்கும் நேரமும் தெரிந்தால் போதும். பாஸ்போர்ட் எண், ஹோட்டல் அறை எண், உள்ளூர் விசுவாசிகளின் பெயர், சபை இருக்கும் தெரு எதையும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். ஜெபக் குறிப்பு ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நமக்குத் தெரியும். "வடக்கே இருக்கும் சகோதரருக்காக" என்று எழுதினாலே ஆண்டவருக்கு யாரென்று தெரியும்.

8. எல்லையில்

வரிசைக்குப் போகும் முன், ஓரமாக ஒதுங்கி நின்று, அமைதியாக ஒரு சின்ன ஜெபம். கவுன்டர் எதிரில் கைகோத்து வட்டம் கட்டிச் சத்தமாக ஜெபிக்க வேண்டாம். மற்றவர்களுக்கு வழி மறைக்கும், அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அதோடு செல்போனை உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். இமிக்ரேஷன் பகுதியில் படம் எடுப்பது பல இடங்களில் தடை.

ஒரு பொறுப்பாளர் முதலில் போகட்டும், தலைவர் கடைசியில். முன்னால் போனவர் அந்தப் பக்கம் ஒரு தூணருகே நின்று வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வார். கடைசியில் நிற்பவர் எல்லோரும் தாண்டியதைப் பார்த்த பிறகே தாண்டுவார்.

கேள்விகளுக்கு உண்மையாக, கேட்ட அளவுக்கு மட்டும் பதில்.

"எதற்காக வந்தீர்கள்?"

"யாத்திரை, ஐயா. எங்கள் சபையிலிருந்து குழுவாக வந்திருக்கிறோம்."

"எத்தனை நாள்?"

"ஒன்பது நாள். இதோ திரும்பும் டிக்கெட்."

அவ்வளவுதான். சாட்சி சொல்லும் இடம் இது இல்லை, பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். கிறிஸ்தவரா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள், பயம் வேண்டாம். முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரி இங்கே எல்லோர் வாயிலிருந்தும் ஒரே மாதிரி வர வேண்டும். பாடம் பண்ணி ஒப்பிக்கத் தேவையில்லை. உண்மையையே எழுதியிருந்தால் தானாக வரும். குழுவின் வாட்ஸ்அப் பெயர் "சுவிசேஷப் படை" என்றும் கையில் சுற்றுலா விசா என்றும் இருந்தால், பெயரை மாற்றுவது தீர்வல்ல.

ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் முதல் புதிய பதிவு முறை வந்திருக்கிறது. முதல் முறை நுழைகிறவரின் முகப் படமும் கைரேகையும் எடுப்பார்கள், வரிசை மெதுவாகவே நகரும். அடுத்த விமானத்துக்கான நேரத்தை அதற்கேற்பப் போடுங்கள். எகிப்து, யோர்தான், இஸ்ரவேல் என்று நிலவழியாகக் கடக்கும் யாத்திரைக் குழுக்கள் வெள்ளி, சனி நாட்களிலும் பண்டிகை நாட்களிலும் கடவை நேரத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும். யூதரின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் அன்று இஸ்ரவேலின் நில எல்லைகள் மூடியிருக்கும்.

ஒருவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனால் பதற வேண்டாம், கூட்டமாகப் பின்னால் போகவும் வேண்டாம். யார் அவரோடு தங்குவது, யார் மற்றவர்களை வெளியே கூட்டிப்போவது என்று முன்பே தீர்மானித்திருப்பீர்கள். புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடக் கூடாது, மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். காவலில் வைக்கப்பட்டால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963இன் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவில் இருக்கிறது. தூதரக எண் ஒவ்வொருவர் பையிலும் காகிதத்தில் இருக்கட்டும்.

லஞ்சம் கேட்டால்? ரசீது கேளுங்கள், மரியாதையாக. "கட்டணம் என்றால் கட்டுகிறோம் ஐயா, ரசீது கொடுங்கள்." பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் மேலதிகாரியைப் பார்க்கக் கேட்டு, உட்கார்ந்து காத்திருங்கள். தலைவரின் விசுவாசம் உண்மையில் இங்கேதான் சோதிக்கப்படுகிறது, ஏனென்றால் பணம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடியும், களைத்த முப்பது முகம் உங்களையே பார்க்கும். காத்திருக்கலாம் என்று குழு கிளம்பும் முன்பே சேர்ந்து முடிவெடுத்திருந்தால், அந்த நேரத்தில் நீங்கள் தனியாக நிற்க மாட்டீர்கள்.

9. கப்பல் ஆடும்போது

பவுல் போன கப்பலில் 276 பேர் இருந்தார்கள். பதினான்கு நாள் புயல். தேவதூதன் வந்து, ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று சொன்ன பிறகும் பவுல் செய்ததைப் பாருங்கள்: மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது நூற்றுக்கு அதிபதியிடம் சொல்லித் தடுத்தார், விடியற்காலத்தில் எல்லோரையும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார், அப்பம் எடுத்து எல்லோருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணி முதலில் தான் சாப்பிட்டார். வாக்குத்தத்தம் கையில் இருந்தும் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர்.

விமானம் ரத்தானால் அதே வரிசையில் செய்யுங்கள். முதலில் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள், தண்ணீரும் சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள், மருந்து நேரம் யாருக்கு என்று பாருங்கள். ஒருவர் மட்டும் கவுன்டரில் பேசட்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அப்புறம் ஜெபம், பாட்டு. பசித்த முதியவர்களை நிற்க வைத்து முக்கால் மணி நேரம் ஜெபிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பாஸ்போர்ட் தொலைந்தால் காவல் நிலையப் புகார், நகல், இரண்டு புகைப்படம், தூதரகம், இந்த வரிசையில். ஒரு பொறுப்பாளர் அவரோடு தங்கட்டும், குழு நகரட்டும். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் எழுத்தில் புகார் கொடுங்கள். 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமான பெட்டிக்குப் பெட்டி கைக்கு வந்து ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

சண்டையும் வரும். பவுலும் பர்னபாவும்கூட மாற்கு விஷயத்தில் பிரிந்து போனார்கள். ஐந்தாம் நாள் அளவில் தூக்கம் கெட்டு, அறைத்துணை பிடிக்காமல், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பேச்சு வெடிக்கும். அதை ஆவிக்குரிய குறையாக்கிப் பொதுவில் பிரசங்கிக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு பகல் ஓய்வும், அறை மாற்றமும், தனியாக ஒரு நல்ல வார்த்தையும் போதும். ஒவ்வொரு வாரத்துக்கும் அரை நாளாவது ஒன்றுமில்லாத நேரம் வையுங்கள். எஸ்றாவும் போய்ச் சேர்ந்ததும் மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

10. திரும்பி வந்த பிறகு

நாலாம் நாள் வெள்ளியும் பொன்னும் நிறுக்கப்பட்டது, எண்ணிக்கையும் நிறையும் எழுதப்பட்டது என்று எஸ்றா எட்டாம் அதிகாரம் சொல்கிறது. உங்கள் கணக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்தில் வரட்டும். மீதியை அவரவருக்குத் திருப்பிக் கொடுங்கள், கேட்காமலே காணிக்கையில் சேர்த்துவிட வேண்டாம். காப்பீட்டுக் கோரிக்கை உள்ளவர்களுக்குத் தாள் சேர்க்க உதவுங்கள். அழைத்த சபைக்கு நன்றிக் கடிதம் எழுதும்போது, அவர்களுக்குச் சிக்கல் தரக்கூடிய படங்களை யாரும் பதிவேற்றவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

விசா கிடைக்காதவரை ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு முன்பே வீட்டில் போய்ப் பாருங்கள். மேடைச் சாட்சிகளை அவர் முதல் முறையாகக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க நேரக் கூடாது. கடைசியாக, உங்கள் போனிலும் மின்னஞ்சலிலும் இருக்கும் பாஸ்போர்ட் நகல்களையும் மருத்துவக் குறிப்புகளையும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று குழுவுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்.